அம்மம்மாவின் செண்பகம்

சென்ற மாதம் வந்த திருமண அழைப்பிதழில் முகூர்த்த நேரத்துக்கு முன்னால் ‘ஓஸ்பிஷஸ்’ என்ற ஆங்கிலச் சொல் அச்சாகியிருந்தது. மட்டக்களப்பின் கல்லடி உப்போடையில், 1929இல் விபுலானந்த அடிகள் தொடக்கிவைத்த நம் சிவானந்தா வித்தியாலயத்தின் வகுப்பறை உடனே கண்முன் வந்தது.

சாதாரணதர வகுப்பில் அதற்கு ‘அதிர்ஷ்டமான’ என்று பொருள் எழுதியிருந்தோம். ஆங்கில சேர் ஏற்கவில்லை. “லொத்தர் விழுந்தவன் ‘லக்கி’. அவனுக்குக் கிடைத்தாயிற்று. இது இனி வரப்போகும் நன்மைக்கு முன்னறிகுறி. சுபமான என்று எழுதுங்கள்” என்றார்.

பிறகு கரும்பலகையில் இரண்டு லத்தீன் சொற்களை எழுதினார். ‘அவிஸ்’ பறவை, ‘ஸ்பெக்கெரே’ பார்த்தல். பறவைகள் பறப்பதைப் பார்த்துக் குறி சொல்பவர் ‘ஔஸ்பெக்ஸ்’. ரோம் நகரத்தை யார் அமைப்பது என்று இரட்டைச் சகோதரர்களுக்குள் எழுந்த போட்டியில் ரெமுஸுக்கு முதலில் 6 பிணந்தின்னிக் கழுகுகளும், பின்னர் ரோமுலுஸுக்கு 12 கழுகுகளும் தென்பட்டன என்பது ரோமரின் கதை. போருக்குமுன் புனிதக் கோழிகள் தீனி தின்கின்றனவா என்றுகூடப் பார்த்தார்களாம். தின்னாத கோழிகளைக் கடலில் எறிவித்த தளபதி ஒருவன் கிமு 249இல் ட்ரெபனா கடற்போரில் தோற்றான். அப்படிக் குறி பார்க்கும் உரிமை படைத்தலைவனுக்கே இருந்ததால், அந்த வேரிலிருந்து வந்த இன்னோர் ஆங்கிலச் சொல்லான ‘ஓஸ்பிஸஸ்’ இன்று ‘அனுசரணை’ என்ற பொருளிலும் வழங்குகிறது.

நான் மயங்கிப்போனது அடுத்த பாடவேளையில்தான். தமிழ் சேரிடம் இதைச் சொன்னேன். அவர் தொல்காப்பியத்தின் ‘நாளும் புள்ளும்’ என்ற தொடரைக் காட்டினார். புள் என்றால் பறவை. நிமித்தத்துக்கும் அதே சொல். கடல் கடந்த இரண்டு மொழிகள் ஒரே வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கின்றன! அந்த வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பரீட்சையன்று காலையில் அம்மம்மா என்னைப் படலையிலேயே நிறுத்திவைத்தார். வேலியோரம் செண்பகப் பறவை ஒன்று தத்திப் போன பிறகுதான், “நல்ல குறி, போய் வா மகன்” என்று விட்டார். அதற்குள் பஸ் போய்விட்டது. கல்லடிப் பாலத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்து மண்டபத்துக்குள் நுழைந்தபோது வினாத்தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை அவருக்கு ரோமரின் கதையை முழுக்கச் சொன்னேன். கையிலிருந்த வெற்றிலையை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டவர், கடைசியில் ஒன்றுதான் கேட்டார்:

“பாவம், அந்த ஊரில் செண்பகம் இல்லையா மகன்?”