யார் வாசிப்பது?

அன்பியப் பொறுப்பாளர்களுக்கு வார இறுதித் தியானம் நடத்திக்கொடுப்பது என் வேலை. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் ஒரு பங்கு; அதற்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஜெபிக்கவும் பைபிள் வாசிக்கவும் கூடுகிற சிறு குழு அன்பியம். சனிக்கிழமை காலை ஆரம்பித்து ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடியும். தருமபுரி மாவட்டத்தில் ஒரு பங்குக்காக நடத்திய தியானத்தில் ஒரு அம்மா சொன்ன பதிலும், மறுநாள் காலையில் நான் எடுத்த முடிவும் இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. முடிவு சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் அப்படி நினைக்கும்போதெல்லாம், அந்த முடிவுக்காக யார் வந்து எனக்கு நன்றி சொன்னார்கள் என்பதும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வருகிறது.

பங்கு வரைபடம் போடுகிற அமர்வு அது. சார்ட் பேப்பரில் கோயில், பள்ளிக்கூடம், தண்ணீர் டேங்க், தார் ரோடு என்று அவர்களே வரைவார்கள். அப்புறம் எந்தெந்த வீடுகள் எந்த அன்பியத்தில் இருக்கின்றன என்று ஸ்கெட்ச் பேனாவில் கோடு போடுவார்கள். புனித அந்தோணியார் அன்பியம், ஆரோக்கிய அன்னை அன்பியம் என்று பெயரும் எழுதுவார்கள். வரைந்து முடித்ததும் பார்த்தால், ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. ஒரு கோடுகூட ரோட்டைத் தாண்டவில்லை. இருபது முப்பது குடும்பங்கள், அடுத்தடுத்த வீடுகள் என்பதுதான் அன்பியம் அமைக்கிற முறை. அடுத்த வீடு யார் வீடாக இருக்கும் என்று நம் பக்கத்தில் யாரும் கேட்க வேண்டியதில்லை. முறைப்படி அமைத்தாலே சாதிப்படி அமைந்துவிடுகிறது.

கோடுகளை ரோட்டுக்குக் குறுக்காகப் போட்டால் என்ன என்று கேட்டேன். பங்குத்தந்தையிடம் முன்பே பேசி, அவரும் சரி என்று சொல்லியிருந்தார். ஆதித் திருச்சபை எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்ததைத் திருத்தூதர் பணிகளில் அன்று காலையில்தான் வாசித்திருந்தோம். ஊர்ப் பக்கத்துப் பொறுப்பாளர்கள் ஒன்றும் பேசவில்லை. மறுப்பு வந்தால் அங்கிருந்துதான் வரும் என்று நினைத்து, அதற்குத்தான் பதில் தயாராக வைத்திருந்தேன்.

எழுந்தது காலனி அன்பியத்தின் அம்மா. வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. சனிக்கிழமை ராத்திரிதான் வீட்டுக்கு வருவார். அந்த ஒரு ராத்திரியையும் விட்டுவிட்டுத் தியானத்துக்கு வந்திருந்தார். காலையில் ஏழு படி நற்செய்திப் பகிர்வைப் பழகிப் பார்த்தபோது வாசித்தவரும் அவர்தான். விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தி நகர்த்தி, ஒரு எழுத்தையும் விழுங்காமல் வாசித்தார். மனதைத் தொட்ட வார்த்தையை மூன்று முறை சொல்ல வேண்டிய படி வந்தபோது மற்றவர்கள் தயங்கினார்கள். அவர் தயங்கவில்லை.

“வேணாம் சார்,” என்றார். “எங்க கூட்டத்துல நான் பைபிள் வாசிக்கிறேன். சேத்துட்டீங்கன்னா அவங்க வாசிப்பாங்க, நான் பாய் விரிப்பேன்.”

“அப்படியெல்லாம் நடக்காதும்மா, பார்த்துக்கலாம்” என்றேன்.

“நீங்க நாளைக்கு மத்தியானம் பஸ் ஏறிடுவீங்களே சார்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவர் விவரம் தெரியாதவருக்கு எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் பி.எட். படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி இருந்தார். “பேப்பர்ல கோட்டை அழிச்சா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும் சார்” என்றார். எதைச் சொல்கிறார் என்று அந்த அரங்கில் எல்லோருக்கும் புரிந்தது. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது காரணம். சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர், தெருவில் பழையபடி காலனி. காகிதத்தில் கோடு இல்லை என்று ஆனதால் அவர்களுக்குப் போனது என்ன என்று அந்தத் தம்பிக்குக் கணக்குத் தெரியும்.

டீ நேரத்தில் இன்னும் விவரமாகப் பேசினோம். ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் பங்குப் பேரவைக்கு ஆள் போகிறார்கள். அதனால்தான் பேரவையில் காலனிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கலந்துவிட்டால் எந்த அன்பியத்திலிருந்தும் காலனி ஆள் வரப்போவதில்லை என்றார்கள். திருவிழா நவநாளில் ஒரு நாள் அவர்கள் அன்பியத்தின் உபயம். அன்று முதல் வாசகமும், மன்றாட்டும், காணிக்கைப் பவனியும் அவர்கள் கையில். பிள்ளைகள் புதுத்துணி போட்டுக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நாள் அது. இதையெல்லாம் நான் யோசித்திருக்கவில்லை. என் மனதில் இருந்தது ஒரே பாயில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிற காட்சி மட்டும்தான்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய், கோடுகள் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொன்னேன். அதோடு, மாதம் ஒருமுறை இரண்டு அன்பியங்கள் சேர்ந்து கூடட்டும், ஒரு மாதம் ஊர் வீட்டில், மறு மாதம் காலனி வீட்டில் என்றும் சொன்னேன். முதலாவதற்கு உடனே தலையாட்டினார். இரண்டாவதற்குப் பார்க்கலாம் என்றார்.

மதியம் சாப்பாட்டுப் பந்தியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்ல முடிவு தம்பி. அவங்களே வேணாம்னுட்டாங்க பாருங்க.”

அந்த ‘அவங்களே’தான் எனக்கு நெருடுகிறது. முந்தின நாள் வாய் திறக்காமல் இருந்தவர்களுக்கு வேண்டியது அப்படியே கிடைத்துவிட்டது. அதுவும் யாரும் மறுத்ததாகப் பேர் வராமல், காலனி அம்மாவின் வாயாலேயே. அந்த அம்மா தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதும், இவர்கள் தங்கள் வாசலைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்ததும் ஒரே முடிவில் வந்து சேர்ந்தன. அந்த முடிவை அறிவித்தவன் நான்.

அதற்காக அந்த அம்மாவின் பேச்சைத் தள்ளியிருக்க வேண்டுமா? இல்லை. அவருக்கு நல்லது எது என்று அவரைவிட எனக்குத் தெரியும் என்று சொல்வதும் ஒருவகை மேல்தெருப் பேச்சுதான். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனியில் சாதி வன்முறையில் வீடுகள் எரிந்ததைப் பார்த்த மாவட்டம் இது. இங்கே இருக்கிறவர்கள் பத்திரமான இடம் எது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அளவை ஒரு ஸ்கெட்ச் பேனாவை வைத்துக்கொண்டு நான் திருத்த முடியாது.

இப்படிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டால் இன்னொரு பக்கம் இடிக்கிறது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருக்கிறது என்று எழுத்தில் ஒத்துக்கொண்ட ஆவணம் அது. பங்குகளுக்கு அதை எடுத்துப்போக வேண்டிய ஆட்களில் நானும் ஒருவன். எடுத்துப்போன இடத்தில், இருக்கிறபடி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதிக்கப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் சொன்னேன் என்பது உண்மை. பெரிய சண்டை ஒன்று வராமல் போனதில் எனக்கும் நிம்மதியாக இருந்தது என்பதும் உண்மை. அதில் எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதனால்தானோ என்னவோ, அப்புறம் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பங்கில் கோடுகளைக் குறுக்காகப் போடச் சொன்னேன். அங்கே காலனிக்காரர்களை முதலில் தனியாகக் கேட்கவும் இல்லை. கேட்டால் அதே பதில் வந்துவிடும் என்று பயம். அன்பியங்கள் கலந்தே நடக்கின்றன. காலனி வீடு ஒன்றில் கூட்டம் நடந்து, வந்த எல்லோரும் காபி குடித்துவிட்டுப் போனார்கள் என்று அந்தப் பங்கின் சிஸ்டர் சந்தோஷமாகச் சொன்னார். மற்றபடி காலனி வீடுகளின் முறை வரும்போது மட்டும், இடம் பத்தாது என்று கூட்டம் கோயிலுக்கு மாறிவிடுகிறதாம். யார் வாசிக்கிறார்கள் என்று சிஸ்டரிடம் கேட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை என்றார். கவனித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

தருமபுரிப் பங்கில் இரண்டு அன்பியங்களும் சேர்ந்து கூடும் கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. தவக்காலத்துக்கு முன்னால் மறுபடி ஒரு தியானம் வைத்துத் தர வேண்டும் என்று அங்கிருந்து ஃபாதர் போன் செய்தார். வரைபட அமர்வும் வேண்டுமாம். இந்தத் தடவை காலனி அன்பியத்தோடு முதலில் தனியாக உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன், எதெதை விட்டுக்கொடுக்க முடியாது என்று அவர்களே எழுதித் தரட்டும் என்றேன்.

“தாராளமா பேசுங்க சார். ஊர்க்காரங்ககிட்ட எப்பப் பேசப்போறீங்க?” என்று கேட்டார்.

போன தடவை அவர்களிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிடுகிறேன் ஃபாதர், ராத்திரி அந்தப் பெரியவர் வீட்டில் உட்கார்ந்து பேசலாம் என்றேன். அவரிடம் என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.