பிளஸ் நிறுவிய அனுபவம்: 32 பிட்டும் வெதுவெதுப்பான தண்ணீரும்

சிங்கப்பூரில், கிளமெண்டியில் எங்கள் வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, இரவு பதினொரு மணிக்கு பிளஸ் மென்பொருளின் பில்டை, அதாவது மூல நிரலிலிருந்து அதைக் கட்டும் வேலையை, தொடங்கிவிட்டுப் படுத்தேன். காலையில் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தபோது திரை நிறைய பிழைச் செய்திகள். மூன்றாவது முறையாக அதே நிலை.

இறுதியாண்டு புராஜெக்டுக்காக, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி ஊசி போடப் பழகும் பயிற்சி அமைப்பு ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். படம் ஸ்கேன் கருவியிலிருந்து வரும். உடல்மேல் வைத்துப் பிடிக்கும் ஸ்கேன் முனையான புரோப் எங்கே, எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதை டிராக்கர் சொல்லும். இரண்டையும் நேரம் பிசகாமல் இணைத்துத் தரும் திறந்த மூல நூலகம்தான் பிளஸ். கனடாவில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்க் ஆய்வகத்தில் உருவானது. பிஎஸ்டி உரிமம் என்பதால் யாரும் எடுத்துத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இது இல்லாமல் போயிருந்தால், கருவிகளோடு பேசும் நிரலை எழுதவே எனக்கு அந்த ஒரு வருடம் போதாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் தயவுசெய்து உடனே பில்டில் இறங்க வேண்டாம். விண்டோஸுக்குத் தயாரான இன்ஸ்டாலர் இருக்கிறது. அதோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்புகளில் சில, ஏற்கனவே பதிவுசெய்த படங்களைத் திரும்ப ஓட்டுபவை. புரோப்பும் வேண்டாம், டிராக்கரும் வேண்டாம். பிளஸ்ஸோடு வரும் பிளஸ்சர்வர் நிரலில் அதைத் தேர்ந்தெடுத்து இணைத்துவிட்டு, மருத்துவப் படங்களைக் காட்டும் 3டி ஸ்லைசர் மென்பொருளில் ஓபன்ஐஜிடிலிங்க் (இரண்டும் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் முறை) பகுதிக்குப் போய் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 18944 என்று கொடுத்தால் போதும். அரைமணி நேரத்தில் என் திரையில் படம் அசைந்தது. சரியாக வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று முதலிலேயே பார்த்துவைத்தது பின்னால் பலமுறை கைகொடுத்தது.

எங்கள் ஆய்வகத்து டிராக்கருக்கான பகுதி அந்த இன்ஸ்டாலரில் இல்லை. அதனால் மூல நிரலிலிருந்து நானே கட்டவேண்டி வந்தது. கிட், சிமேக், விஷுவல் ஸ்டூடியோ மூன்றும் இருந்தால் விடிகே, ஐடிகே போன்ற மற்ற நூலகங்களை அதுவே இணையத்திலிருந்து இறக்கிக் கட்டிக்கொள்ளும். முதல் தோல்விக்குக் காரணம் கோப்புறைப் பாதை. விண்டோஸின் 260 எழுத்து வரம்பை, அடுக்கடுக்காக இருந்த என் கோப்புறைகள் தாண்டிவிட்டன. சி டிரைவிலேயே இரண்டெழுத்தில் ஒரு கோப்புறை போட்டதும் அது தீர்ந்தது.

அடுத்த இரண்டு தோல்விகள்தான் என்னை வாட்டின. எல்லாம் ஓடி முடிந்து, கடைசியில் டிராக்கர் பகுதியை இணைக்கும் இடத்தில் எல்என்கே 2019 என்று, தேவையான நிரல்பகுதி கிடைக்கவில்லை என்னும் பிழையோடு நிற்கும். பாதையைச் சரிபார்த்தேன், டிராக்கரோடு வந்த நிரல் நூலகத் தொகுப்பை (எஸ்டிகே) மறுபடி நிறுவினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன் அண்ணனிடம் லேப்டாப்பைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"அந்த லைப்ரரி எத்தனை பிட்டும்மா? முதல்ல அதைப் பாரு."

பார்த்தேன். டிராக்கரோடு வந்தது 32 பிட் மட்டும். நான் கட்டிக்கொண்டிருந்தது 64 பிட். ஒரே நிரலுக்குள் இரண்டும் சேராது.

"அப்போ ஸ்லைசர் 64 பிட்டாச்சே, அதை என்ன பண்றது அண்ணே?"

"அது தனியா ஓடட்டும். ரெண்டும் நெட்வொர்க்லதானே பேசுது?"

பிளஸ்ஸை இப்படி அமைத்தவர்கள் மேல் எனக்கு உண்மையான மதிப்பு வந்தது அப்போதுதான். சர்வரும் ஸ்லைசரும் தனித்தனி நிரல்கள். நடுவில் ஓபன்ஐஜிடிலிங்க் வழியே செய்திகள் மட்டும் போகின்றன. ஒன்று 32 பிட்டாக இருக்கலாம், இன்னொன்று 64 பிட்டாக இருக்கலாம். வேறு வேறு கணினியில்கூட இருக்கலாம். பழைய கருவி ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்ற எல்லாவற்றையும் பழையதாக்க வேண்டியதில்லை. பழைய பில்ட் கோப்புறையை முழுதாக அழித்துவிட்டு (சிமேக்கில் பிட்டை நடுவில் மாற்ற முடியாது), வின்32 என்று தேர்ந்தெடுத்து மறுபடி ஓட்டினேன். காலையில் பிழை எதுவும் இல்லை.

அப்புறம் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பு. எந்த ஆயத்தொலைவு அமைப்பு எதோடு சேர்கிறது என்று பெயர் கொடுக்கும் இடத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் படம் இருக்கவேண்டிய இடத்தில் வந்து உட்காராது. மாதிரிக் கோப்பை நகலெடுத்துத் திருத்துவதே நல்லது.

கடைசியாக அளவுத் திருத்தம், அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியும் புரோப்பிலிருந்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. 3டி பிரிண்டரில் எடுத்த பெட்டியில், ஆங்கில 'N' எழுத்து வடிவில் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, தண்ணீரில் மூழ்கவைத்து ஸ்கேன் செய்யவேண்டும். ஒவ்வொரு 'N' வடிவமும் திரையில் ஒரே வரிசையில் மூன்று வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஓரத்துப் புள்ளிகள் இரண்டும் அசையாது. புரோப்பை நகர்த்த நகர்த்த நடுப்புள்ளி மட்டும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும், ஏனென்றால் அது சாய்ந்த நரம்பு. அந்தப் புள்ளி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை வைத்தே படம் பெட்டியை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பிளஸ்ஸின் எஃப்கால் நிரல் கணக்கிட்டுவிடுகிறது. இதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆனால் ஆழம் மட்டும் சில மில்லிமீட்டர் தவறாகவே வந்தது. ஸ்கேன் கருவி ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. அது உடல் திசுவுக்கான வேகம். 20 டிகிரி தண்ணீரில் ஒலியின் வேகம் சுமார் 1482தான். பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பது கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் கீழே இருப்பதுபோலத் தெரியும். வெளியே வெயில் கொளுத்தினாலும் எங்கள் ஆய்வகத்து ஏர்கானில் தண்ணீர் ராத்திரி முழுக்கக் குளிர்ந்துபோயிருந்தது. கெட்டிலில் சுடவைத்துக் கலந்து, தெர்மாமீட்டரில் 37 டிகிரி வந்ததும் மறுபடி ஸ்கேன் செய்தேன். அந்தச் சூட்டில் வேகம் சுமார் 1524, பிழை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. உடலுக்குள் ஊசி முனை உணர்வு நரம்புக்குப் பக்கத்தில் போகும் வேலை இது. மூன்று மில்லிமீட்டரைச் சும்மா விடமுடியாது.

அன்று சாயங்காலம் புரோப்பைக் கையில் எடுத்து மெதுவாகச் சாய்த்தேன். ஸ்லைசரில் படமும் கூடவே சாய்ந்தது, புள்ளிகள் மாதிரிப் பெட்டியின் கோடுகள் மேலேயே நின்றன. அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இன்னொரு தடவை காட்டும்மா" என்றார்.