சேவைக் கவுண்டர் இல்லாத நாட்டில்

டென்மார்க்குக்கு வந்த புதிதில் சந்தித்த தமிழர் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சிபிஆர் நம்பர் வந்திட்டுதா?" சிபிஆர் என்பது இங்கே வாழும் ஒவ்வொருவருக்கும் அரசு கொடுக்கும் அடையாள எண்: பிறந்த தேதியும் அதன் பின்னால் நான்கு இலக்கமுமாக மொத்தம் பத்து இலக்கம். அது வரும்வரை குடும்ப வைத்தியர்கூடக் கிடையாது. வந்த பிறகு மிட்ஐடி என்ற மின்னடையாளம் வேண்டும். வங்கி, வரி, பிள்ளைக்குப் பராமரிப்பு நிலையத்தில் இடம் என்று எதைத் தொட்டாலும், கைத்தொலைபேசியில் இருக்கும் இந்த அடையாளம் இல்லாமல் உள்ளே போக முடியாது. சிப் உள்ள பாஸ்போர்ட் என்றால் வீட்டிலிருந்தே ஸ்கான் செய்து எடுக்கலாம். என்னுடைய இலங்கைப் பாஸ்போர்ட்டில் சிப் இல்லை. கொமூன் எனப்படும் உள்ளூராட்சி அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். போவதற்கான நேரத்தையும் இணையத்தில்தான், டேனிஷில் பதிய வேண்டும்.

நான் சமாளித்துவிட்டேன். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணினியில் கணக்கு எழுதிய ஆள் நான். யுத்தகாலத்தில் வன்னியில் வெளிநாட்டு அழைப்புக்காகக் கொமினிகேஷன் என்ற தொலைபேசிக் கடை வாசலில் காத்திருந்து வளர்ந்தவர்கள் நாங்கள். கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எங்கள் ஊருக்கு 2009க்குப் பிறகுதான் வந்தன. கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது அண்ணாவின் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஒரே போன். பெரியவனுக்குப் பாடம் நடந்தால் மற்ற இருவருக்கும் இல்லை. பதுளைப் பக்கம் பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுக்குள் மலை ஏறினார்கள். இந்த நாட்டில் அப்படி ஒரு பிரச்சினையே இருக்காது என்றுதான் வரும்போது நினைத்திருந்தேன். ஐ.நா.வின் மின்னரசு ஆய்வில் 2018 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை முதலிடம் பிடித்த நாடு இது.

எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டில் ஒரு அன்ரி இருக்கிறா. எண்பதுகளில் அகதியாக வந்து, மீன் தொழிற்சாலையிலும் பிறகு துப்புரவு வேலையிலும் முதுகு முறிய உழைத்து ஓய்வு பெற்றவ. வேலையிடத்து டேனிஷ் நன்றாகப் பேசுவா; வாசிப்பது கஷ்டம். அங்கிள் இருந்தவரை கடிதம், கட்டணம் எல்லாம் அவர் பொறுப்பு. இப்போது கொப்பன்ஹாகனில் இருக்கும் மகன்தான் பார்க்கிறார்.

இங்கே 2014 நவம்பர் 1 முதல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசாங்கக் கடிதங்கள் இணையத்தில் உள்ள கடிதப்பெட்டியான மின்பெட்டிக்குத்தான் வரும். பெட்டியில் விழுந்துவிட்டால் கடிதம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்பதுதான் சட்டம். திறந்து பார்த்தீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆஸ்பத்திரித் தேதிகளும் அதற்குள்தான். அன்ரிக்கு வந்த ஒரு தேதியை மகன் பார்க்கப் பிந்திவிட்டது. அதற்குப் பிறகு அடுத்த தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தா.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு இலக்கம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அன்ரியிடமும் இருக்கிறது. பெயரையும் கடவுச்சொல்லையும் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறா. கருவியை அமத்தி, கண்ணாடியைப் போட்டு, ஒரு விரலால் ஆறு இலக்கத்தையும் தேடித் தேடி அடித்து முடிக்க முன்னம் இலக்கம் மறைந்துவிடும். திரும்பவும் முதலில் இருந்து. இரண்டாம் முறை கை நடுங்கத் தொடங்கும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஒருநாள் கேட்டா: "பிள்ளை, எனக்கு என்ன வருத்தம் எண்டு மகனுக்கு முதல் நான் அறிய ஏலாதே?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மகன் அன்பானவர், அதில் குறையில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனையும் வங்கிக் கணக்கும் மகனுடைய போன் வழியாகத்தான் அவவுக்கே வந்து சேருகின்றன. கிளிநொச்சியில் என் அம்மாவுக்கு இணையம் சரியாக வராது. மழை பெய்தால் வராது, ரீலோட் முடிந்தால் வராது. ஆனால் வங்கிக்குப் போனால் கவுண்டரில் ஆள் இருக்கும், கிராம சேவையாளரிடம் போனால் முகத்தைப் பார்த்துக் கதைக்கலாம். ஊரில் எங்களுக்கு வசதி வந்து சேரவில்லை. இங்கே எல்லா வசதியும் வந்தபின், மிச்சமிருந்த மற்ற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகிறார்கள். 1624இல் தொடங்கிய அரச அஞ்சல்சேவை 2025 டிசம்பர் இறுதியோடு கடிதம் விநியோகிப்பதை நிறுத்திவிட்டது. தெருவோரச் சிவப்புத் தபால்பெட்டிகளையும் கழற்றிவிட்டார்கள். இப்போது கடிதம் கொண்டு வருவது ஒரு தனியார் நிறுவனம். இதை முன்னேற்றம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது.

மின்பெட்டியிலிருந்து விலக்குக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கணினி இல்லை, உடல் ஒத்துழைக்கவில்லை, மொழி தடுக்கிறது என்பவையெல்லாம் ஏற்கப்படும் காரணங்கள். விண்ணப்பத்தைக் கொமூனின் குடிமக்கள் சேவைப் பிரிவில் நேரில் கொடுக்கலாம். பிள்ளைகள் உதவுவதானாலும் பெற்றோரின் மிட்ஐடியைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. அது விதிகளுக்கு மாறானது. அதற்குப் பதிலாக, கடிதங்களைப் பார்க்கப் பெற்றோர் முறைப்படி அதிகாரப் பத்திரம் கொடுக்க முடியும்.

அன்ரியும் நானும் போய் விலக்கு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். உங்கள் அம்மா அப்பாவும் டென்மார்க்கில் இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்களே முடிவெடுக்கட்டும்.