ஈசிஜி தாளில் தெரியும் சிறுநீரகம்

அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி எடுக்கும் எங்களிடம் நோயாளியின் உறவினர்கள் முதலில் கேட்பது, "ஹார்ட் நல்லா இருக்கா, சிஸ்டர்?" என்பதுதான். நோயைத் தீர்மானித்துச் சொல்வது மருத்துவரின் பொறுப்பு என்பதால் அதற்கு நாங்கள் பதில் சொல்வதில்லை. ஆனால் தாள் வெளிவரும்போதே என் மனத்தில் வேறொரு கேள்வி எழுந்துவிடும். கோளாறு இதயத்தில்தானா, அல்லது வேறோர் உறுப்பின் நோய் இதயத்தின் மின்னோட்டத்தில் வந்து தெரிகிறதா?

வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவில் பிறக்கும் மின் தூண்டல் இரு மேலறைகளிலும் பரவுவதைப் பி அலை காட்டுகிறது. அது மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள ஏ.வி. கணுவில் சற்றே தாமதித்து, ஹிஸ் கற்றை, பர்கின்ஜி இழைகள் என்னும் மின்கடத்தும் பாதை வழியாகக் கீழறைகளில் பரவுவதைக் கியூ.ஆர்.எஸ். என்னும் கூரிய அலைத்தொகுதி காட்டுகிறது. கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவது டி அலை. தாள் நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் நகர்வதால் ஒரு சிறு கட்டம் 0.04 நொடியைக் குறிக்கும். கியூ.ஆர்.எஸ். மூன்று சிறு கட்டங்களுக்கு மேல் அகன்றாலே மருத்துவரை அழைக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு) சுருங்கிய பலரின் தாள் வேறு மாதிரி இருக்கும். இடது மேலறை பல ஆண்டுகள் அழுத்தத்தைத் தாங்கி விரிந்து, அதன் தசையில் தழும்பு படிந்துவிடுவதால், பி அலை மறைந்து அடிக்கோடு நடுங்கும். துடிப்புகளுக்கு இடையே ஒழுங்கான இடைவெளி இராது. அங்கே மின்சாரம் செல்லும் திசுவே கெட்டுவிட்டது. அதை எளிதில் மீட்க முடியாது.

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் நிலை அப்படியன்று. அவர்களுக்குத் திசு அப்படியே இருக்க, அதைச் சூழ்ந்த இரத்தத்தின் பொட்டாசியம் அளவே மாறிவிடுகிறது. அது லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். வெளியேற வழியின்றிப் பொட்டாசியம் தேங்கும்போது, ஓய்வில் ஏறக்குறைய மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் இருக்க வேண்டிய தசைச் செல்லின் மின்னழுத்தம் குறைந்து, சோடியம் செல்லுக்குள் நுழையும் வாயில்கள் மந்தமாகி, தூண்டல் பரவும் வேகமும் குறைகிறது. டி அலை குறுகி, கூடாரம்போல் கூராக எழும்புவது பெரும்பாலும் முதல் அடையாளம். பிறகு பி அலை தட்டையாகி மறையும்; கியூ.ஆர்.எஸ். அகலும். இறுதியில் அது டி அலையோடு கலந்து ஒரே நெளிகோடாகிவிட்டால், இதயம் எந்த நொடியிலும் நின்றுவிடலாம்.

டயாலிசிஸ் செய்துவந்த ஒருவரை, கை கால்கள் சோர்ந்துவிட்டன என்று சொல்லி அவருடைய மனைவி அழைத்து வந்திருந்தார். நெஞ்சு வலி இல்லை. ஆனால் மார்பு லீடுகளில், அதாவது மார்பில் ஒட்டிய மின்முனைகளின் பதிவுகளில், டி அலைகள் உயர்ந்து நின்றன. பி அலையைத் தேட வேண்டியிருந்தது. மருத்துவர் தாளைப் பார்த்ததும் என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தார். "ரொம்ப அசதியா இருக்குன்னார், ஐயா. ரெண்டு நாளா இளநீர்தான் குடுத்தேன்" என்றார் அந்த அம்மா. டயாலிசிஸுக்கும் ஒரு முறை போகவில்லையாம். நம் ஊரில் சோர்ந்தவருக்கு அன்போடு முதலில் கொடுப்பது இளநீர். அதில் பொட்டாசியம் மிகுதி என்பதை அவருக்கு முன்பே யாராவது விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வேதனை எனக்கு இன்றும் உண்டு.

ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் கால்சியம் குளுக்கோனேட்டை இரத்த நாளத்தில் மெதுவாகச் செலுத்தினார்கள். மானிட்டரில் அகன்றிருந்த கியூ.ஆர்.எஸ். சில நிமிடங்களில் குறுகியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை; தசையின் மின் நிலையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை மட்டும் காத்துத் தருகிறது. அதற்குள் இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளி, டயாலிசிஸ் மூலம் உடலைவிட்டே அகற்ற வேண்டும். அவருக்கு அதைத்தான் செய்தார்கள்.

ஆனால் தாளை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. பொட்டாசியம் அபாய அளவில் இருந்தும் ஈசிஜி இயல்பாகத் தோன்றுபவர்கள் இருக்கிறார்கள். நெடுநாள் இரத்த அழுத்தத்தால் கீழறை தடித்துவிட்ட சிறுநீரக நோயாளிகளுக்கோ, நலமாக உள்ள நாளிலேயே டி அலை இயல்பாக இராது. இன்று தெரிவது புதிய மாற்றமா என்பதைப் பழைய ஈசிஜியோடு ஒப்பிட்டால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதனால் டயாலிசிஸ் நோயாளிகளின் வீட்டாரிடம், நலமாக இருக்கும்போது எடுத்த ஈசிஜி ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வெப்பத்தால் அச்சாகும் அந்தத் தாளில் எழுத்தும் கோடும் நாளடைவில் மங்கிவிடும் என்பதால், அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தேதியை மேலே எழுதி வைப்பது நல்லது.