இருபது லிட்டரைத் தாண்டும்போது

மரபணு மாற்றிய நுண்ணுயிரை வைத்துத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பணத்தைப் பற்றி. அடுத்தது அனுமதி. நான் கழிவிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறேன். எங்கள் கோப்பு நின்றதும் அதனால்தான், நகர்ந்ததும் அதனால்தான்.

ராணிப்பேட்டையில் எங்களுடையது சிறிய நிறுவனம். பாசிலஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியா இயல்பாகவே புரோட்டியேஸ் என்னும் நொதியைச் சுரக்கும். அதன் மரபணுவைக் கூடுதல் வேகத்தில் இயங்கும்படி மாற்றி, கிடைக்கும் நொதியைத் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு முடி நீக்கக் கொடுப்பது எங்கள் வேலை. வழக்கமாக டிரம்மில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுவார்கள். முடி கூழாகக் கரைந்து கழிவுநீரில் சேரும். அந்த நீரில் அமிலம் கலந்துவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கிளம்பும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் மேலே வராத கதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. நொதி முடியைக் கரைப்பதில்லை. வேர்க்காலைச் சுற்றியுள்ள புரதப் பிடிப்பைத் தளர்த்துகிறது. முடி முழுசாகக் கழன்று வருகிறது.

சட்டம் 1989-ஆம் ஆண்டு விதிகளிலிருந்து தொடங்குகிறது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை அவை. ஆய்வகம் எவ்வளவு சிறியதானாலும் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தே ஆக வேண்டும். அதில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதியும் மருத்துவர் ஒருவரும் இருக்க வேண்டும். வேலூர்ப் பக்கத்தில் மருத்துவருக்குப் பஞ்சமில்லை. அது சீக்கிரமே முடிந்தது. அதன் மேலே டெல்லியில் மரபணு மாற்றத்துக்கான மறுஆய்வுக் குழு, அதற்கும் மேலே மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு. மாவட்ட அளவிலும் ஒரு குழுவுக்கு விதிகளில் இடம் உண்டு, அதன் தலைவர் ஆட்சியர்.

குடுவையில் வளர்க்கும் வரை எல்லாம் இலகுவாகப் போகும். பாக்டீரியாவை வளர்க்கும் நொதிக்கலன் 20 லிட்டரைத் தாண்டினால் அது பெரிய அளவு உற்பத்தி. கேள்விகளும் அதற்கேற்பப் பெரிதாகும். எங்கள் விண்ணப்பத்தைத் தயாரித்துத் தந்த ஆலோசனை நிறுவனம், கழிவு பற்றிய பகுதியில் வேறொரு தொழிற்சாலையின் பத்திகளை அப்படியே ஒட்டியிருந்தது. கோப்பு திரும்பி வந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. பணம் போனதை விட, ஒரு பருவம் வீணானது வலித்தது. பிறகு அந்தப் பகுதியை நாங்களே உட்கார்ந்து எழுதினோம்: கலனிலிருந்து வெளியேறும் காற்று எந்த வடிகட்டி வழியாகப் போகிறது, கழுவிய நீர் எந்தத் தொட்டியில் சேர்கிறது, மின்சாரம் நின்றால் எந்த வால்வு தானாக மூடும், தரையில் சிந்தினால் யார் எதை ஊற்றித் துடைப்பார் என்று.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நொதியைச் சூடாக்கினால் கெட்டுவிடும். பாக்டீரியாவையோ சூடாக்கித்தான் கொல்ல வேண்டும். ஆகவே முதலில் செல்களைப் பிரித்து, நொதிநீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்துகிறோம். மிஞ்சும் செல்குழம்பை அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைக்கிறோம். பாசிலஸ் கெட்ட காலத்தைக் கடக்க உருவாக்கும் தடித்த உறையுள்ள வித்துகள் கொதிநீருக்கும் அசையாதவை என்பதால், வித்தே உருவாக்க முடியாதபடி எங்கள் இனத்தில் ஒரு மரபணுவை நீக்கினோம். மாற்றிய செல்களை அடையாளம் காண வைத்திருந்த நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு மரபணுவையும் எடுத்துவிடக் குழுவினர் சொன்னார்கள். இனத்தை ஏறக்குறைய முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. அது சரியான கோரிக்கை என்றுதான் இப்போதும் சொல்வேன்.

ஒவ்வொரு சுற்றிலும் செல்குழம்புப் பைகளுக்கு நடுவே ஒரு சிறு குப்பியை வைக்கிறோம். அதற்குள் வெப்பத்தை மிக நன்றாகத் தாங்கும் வேறொரு பாக்டீரியாவின் வித்துகளும் ஊதா நிறத் திரவமும் இருக்கும். வெளியே எடுத்து 55–60 டிகிரிச் சூட்டில் வைத்துப் பார்த்தால், வித்து ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்றால் ஊதா அப்படியே நிற்கும், பிழைத்திருந்தால் மஞ்சளாகிவிடும். பக்கத்திலேயே ஆட்டோகிளேவுக்குள் போகாத குப்பி ஒன்றும் இருக்கும். அது மஞ்சளாக வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே செல்லாது. ஆய்வுக்கு வந்தவர் கருவிகளின் விலையைக் கேட்கவில்லை. இந்தக் குப்பிப் பதிவேட்டைத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்குப் பாலாற்றைக் காட்டுவேன். தோல் கழிவால் கிணறுகள் பாழானதை எதிர்த்து வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. சல்பைடுக்கு மாற்று என்று சொல்லிக்கொண்டு வரும் நாங்கள், அந்த ஆற்றின் கரையில் இன்னொரு அறியாத பொருளைக் கொட்ட முடியாது.

மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வந்த பிறகு, செல் இல்லாத நொதியை ஒரு தோல் ஷாப்பில் சோதித்தோம். ஆட்டுத்தோலின் சதைப் பக்கத்தில் பசையாகத் தடவி, சதையோடு சதை சேர்த்து மடித்து அடுக்கி, இரவு முழுக்க விட்டோம். காலையில் மேஸ்திரி கழுத்துப் பகுதியில் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினார். முடி ஒரு பட்டையாக விலகியது. அவர் முடியைப் பார்க்கவில்லை. தோலை வெளிச்சத்துக்குத் திருப்பி, கிரெயின் எனப்படும் மேல்பரப்பைப் பார்த்தார். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தை நொதி கடித்திருந்தால் அங்கேதான் தெரியும். “கிரெயின் நல்லா இருக்கும்மா, வால் பக்கம் மட்டும் இன்னும் நேரம் கேட்கும்” என்றார்.

எருமைத்தோலில் இந்த அளவுக்கு வரவில்லை. தடிமன் அதிகம், நொதி உள்ளே இறங்க நேரமாகிறது, அதற்குள் ஓரங்கள் இளகுகின்றன. இப்போது வேலை அதில்தான். கூடவே உற்பத்திக்கான ஒப்புதலுக்கு மதிப்பீட்டுக் குழுவிடம் போகும் கோப்பும் தயாராகிறது. கழிவுப் பகுதியை இந்த முறையும் நாங்களே எழுதுகிறோம்.