நெல்லுப் போன வழி

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்துக்குக் கொஞ்சம் இங்காலே, பனைகளுக்குப் பின்னால் புகைக்கூண்டு மட்டும் தெரிகிற ஒரு அரிசி மில் இருந்தது. 2008 போர்க்கால இடப்பெயர்வோடு நின்றது, பிறகு ஓடவில்லை. 2010இல் மீளக் குடியேறி வந்த நாள் தொட்டு அதைக் கடந்துதான் போய்வருகிறேன். ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. காணி விற்றாச்சு, இரண்டு கிழமையில் பெக்கோ (மண் தோண்டுகிற மெசின்) வந்து இடிக்கப்போகுது என்று மச்சான் சொன்ன பிறகுதான் கமராவைத் தேடினேன்.

அனுமதி எடுப்பது நினைத்ததை விட லேசு. பழைய முதலாளி கனடாவில். வட்ஸ்அப்பில் கேட்டேன். "தாராளமா எடும் தம்பி. கூரை தலையிலை விழுந்தா மட்டும் என்னைக் கேளாதையும்" என்று குரல்பதிவு வந்தது. காணி வாங்கினவருக்கு ஒரு சொல், கிராம சேவையாளருக்கு ஒரு சொல், அவ்வளவுதான். எங்கட பக்கத்தில் இதையெல்லாம் விட முக்கியமான கேள்வி வேறு: மிதிவெடி எடுத்த காணியா? துப்புரவாக்கிக் கையளித்த பகுதிக்குள்தான் வளவு வருகிறது என்று விசாரித்து உறுதிப்படுத்தினேன். என்றாலும் பத்தைக்குள் இறங்குவதில்லை, என்னவென்று தெரியாத இரும்பைக் காலாலும் தட்டுவதில்லை, சந்தேகமாக ஏதும் கண்டால் வந்த காலடியிலேயே திரும்பிப் போய் பொலிஸின் 119க்கு அடிப்பது என்று மச்சானும் நானும் பேசிக்கொண்டோம்.

அப்படிப் பேசிய நானே ஒரு மடைத்தனம் செய்தேன். படத்தில் அளவு தெரியவேண்டும் என்று ஒரு மீற்றர் தடி ஒன்றுக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பூச்சடித்துக் கொண்டுபோய் மில் வாசலில் ஊன்றிவிட்டு, தண்ணீர் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் முன்வீட்டு அக்கா பிள்ளைகளைப் படலைக்குள்ளே இழுத்து வைத்துக்கொண்டு நிற்கிறா. "தம்பி, திரும்பவும் மிதிவெடி கண்டுபிடிச்சிட்டாங்களோ?" சிவப்புத் தடி என்றால் வன்னியில் ஒரே அர்த்தம்தான். அன்றைக்கே சிவப்புக்கு மேலே நீலம் பூசினேன்.

முதல் நாள் காலை ஏழு மணி. நீளச் சப்பாத்து, முகக்கவசம், கையில் தடி. தரையைத் தட்டித் தட்டித்தான் உள்ளே போனோம். குளிர்ச்சியான மூலைகளில் கண்ணாடிப் புடையன் கிடக்கும். கூரைத் தகரம் முழுக்கச் செல் (எறிகணை) துண்டு போட்ட ஓட்டைகள். சோளகக் காற்று கிளப்பின தூசிக்குள்ளால் அந்த ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டால் எவனுக்கும் புத்தி மாறும். 140 படம் எடுத்தேன். சுவரில் இருந்த ஒரு பெரிய ஓட்டைக்கு "செல் விழுந்த இடம்" என்று குறிப்பும் எழுதி வைத்தேன்.

பின்னேரம் அந்தப் படங்களை, மில்லில் பொயிலர் பார்த்த ஐயாவிடம் கொண்டுபோனேன். பின்வளவில்தான் இருக்கிறார். பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"வடிவாத்தான் கிடக்கு மோனை. இதிலை மில் எங்கை?"

அடுத்த நாள் அவரே வந்தார். நான் கமராவைத் தூக்க முதல் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நெல்லு வாற இடத்திலை தொடங்கு. நெல்லு போன வழியாலை போ."

அப்படியே போனோம். தராசு தொங்கின கொழுக்கி இன்னும் வளையில் இருந்தது. அதற்கு அங்கால் நெல் ஊறப்போடுகிற நான்கு சீமெந்துத் தொட்டிகள், பிறகு ஆவி வந்த குழாய். நெல் அவிந்த பதத்தை மணிக்கூடு பார்த்துச் சொல்வதில்லையாம். உமி மெல்ல வாய் பிளக்கவேணும். காயவிடும் தளத்தின் நடுப்பகுதி சற்று உயர்ந்திருந்ததை, அவர் காலால் காட்டும்வரை நான் கவனிக்கவில்லை. மழைத்தண்ணி நிற்காமல் ஓடுவதற்கு. பிறகு நெல்லை மேலே தூக்குகிற எலிவேற்றரின் குழி, குற்றுகிற மெசின், அரிதட்டு. கடைசியாக, நான் குறிப்பெழுதி வைத்த அந்த ஓட்டைக்கு முன்னால் நின்றார்.

"இதாலைதான் உமி அங்காலை போறது."

சுவருக்கு அங்கால் உமி அறை, அதற்குப் பக்கத்தில் பொயிலரின் வாய். நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்களவு உமி. இன்றைய நெல்லின் உமிதான் நாளைய அவியலுக்கு விறகு. ஓட்டையின் விளிம்பு ஒழுங்காகப் பூசப்பட்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். செல் எங்கேயாவது விளிம்புக்குச் சீமெந்து பூசுமா? பொயிலரைச் சுற்றி உமிச்சாம்பல் இன்னும் சாம்பலாகவே கிடந்தது. சிலிக்கா கூடின சாம்பல், இலகுவில் உக்காது.

அதற்குப் பிறகு வேலை முறை மாறியது. ஒவ்வொரு இடத்தையும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்ட ஒன்று, தடியோடு ஒன்று. நான்கு மூலையிலிருந்தும் அறை முழுக்க. கொப்பித் தாளில் நிலப்படம் கீறி, நெல்லுப் போன ஒழுங்கில் இலக்கமிட்டேன். உள்ளே இருட்டு, வெளியே கண் கூசுகிற வெயில் என்பதால் கமராவை முக்காலியில் பூட்டி, கமராவின் ஒளி உணர்திறனைக் குறைத்து ஐ.எஸ்.ஓ 100இல் வைத்து, வெளிச்ச அளவை மாற்றி மாற்றி மும்மூன்று எடுத்தேன். மெசின் தகட்டு எழுத்துகள் துருவேறி வாசிக்க முடியாமல் இருந்தன. ஈரத் துணியால் துடைத்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தால் எழுத்து எழும்பி வரும். நேரே அடித்தால் வராது. இரும்பு ஏணியில் ஏறவில்லை. குழிக்குள்ளும் இறங்கவில்லை. ஐயா கதைத்ததை ஃபோனில் பதிந்தேன். போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது டீசல் இல்லாமல் மண்ணெண்ணெயில் இஞ்சினை எழுப்பின கதை மட்டும் 40 நிமிசம்.

பெக்கோ சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முந்தியே வந்துவிட்டது. தொட்டிகளின் உட்பக்கத்தை நான் இன்னும் எடுத்து முடிக்கவில்லை. பொயிலரைக் காஸால் வெட்டி, பழைய இரும்புக்காரரின் லொறியில் ஏற்றினார்கள். புகைக்கூண்டைச் சங்கிலி போட்டு இழுத்தபோது றோட்டில் நின்று 11 படம் எடுத்தேன். ஐயா வரவில்லை. கூப்பிட்டேன், வயல் வேலை கிடக்கு என்றார்.

படங்களை இலக்க ஒழுங்கில் அச்செடுத்து ஒரு கோவையாகக் கட்டி அவரிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரவு ஃபோன்.

"மோனை, ஏழாவது படத்திலை மூண்டாம் தொட்டியெண்டு எழுதிக் கிடக்கு. அது ரண்டாவது. மூண்டிலை வெடிப்பு, நாங்கள் அதை ஒருநாளும் நிரப்பிறேல்லை."

ஞாயிற்றுக்கிழமை பேனையோடு வாறன் என்றேன்.