இரண்டு தட்டு

இன்று விடியக்காலை அம்பாறை வீதியில் பஸ் நின்றுவிட்டது. வயலோரம் ஒற்றை யானை.

தும்பிக்கையால் புல்லைப் பிடுங்கி, முன்னங்காலில் இரண்டு தட்டு. மண் உதிர்ந்த பிறகுதான் வாய்க்குள். அடுத்த பிடிக்கும் அதே இரண்டு தட்டு. என்ன பக்குவம்!

ஆபிரிக்க யானையின் மூளையை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 257 பில்லியன் நரம்புக்கலங்கள். நமக்கு 86 பில்லியன்தான்.

ஆனால் யானைக்கு நூற்றில் 97க்கும் மேல் சிறுமூளையில். யோசிக்க உதவும் பெருமூளைப் புறணியில் 5.6 பில்லியன், நமக்கு அங்கே 16.

சிறுமூளை அசைவுகளைச் சீராக்கும் பகுதி. எலும்பே இல்லாத அந்தத் தும்பிக்கையை ஆளத்தான் அவ்வளவும் இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு இன்று அது கண்ணெதிரே தெரிந்தது.

பின் சீட்டுப் பெரியவர் டிரைவரிடம் மெல்லச் சொன்னார்: "ஹோர்ன் அடிக்காதீங்க மகன், அது சாப்பிடட்டும்."